மகனின் போனில் இருக்கும் அந்த நம்பரை அழிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 24 வயதில் ஒரு மகன். மூன்று வருடத்துக்கு முன் கார் விபத்தில் முதுகு அடிபட்டது. வலிக்குக் கொடுத்த மாத்திரையில் தொடங்கி, பிறகு வெளியில் வாங்கிப் பாவிக்கும் அளவுக்குப் போய்விட்டான். போன மாதம் ஒரு சிகிச்சை நிலையத்தில் மூன்று கிழமை இருந்துவிட்டு வந்தான். இப்போது நன்றாகத்தான் இருக்கிறான் என்று நம்பியிருந்தேன். இரண்டு நாளைக்கு முன் அவனுடைய போனில் 'நோர்ஸ்' என்ற பெயரில் ஒரு நம்பரைக் கண்டேன். விசாரித்தால், போதைப்பொருள் பாவிக்கிறவர்கள் கூப்பிட்டால் பாவித்து முடியும்வரை லைனில் கூடவே இருப்பார்களாம். இது பாவிக்கச் சொல்லிக் கொடுப்பது மாதிரி இல்லையா? நம்பரை அழித்துவிடவா? நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். கணவர் ட்ரக் ஓட்டுகிறார், கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை. மகன் பேஸ்மன்டில் தனியாக இருக்கிறான். மேலே 16 வயது மகள் மட்டும். அவளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா? ஆம்புலன்சைக் கூப்பிட்டால் பொலிசும் வந்து மகனைப் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்கா,

நம்பரை அழிக்காதீர்கள். அவனுடைய போனை எடுத்துப் பார்த்ததற்காக உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நம்பர் அங்கேயே இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை அந்த நம்பரைப் போட்டு வைத்திருக்கிறான் என்றால், திரும்பவும் பாவித்துவிடுவேனோ என்ற பயம் அவனுக்கே இருக்கிறது. அப்படிப் பாவித்தாலும் செத்துப்போகக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. உங்களைக் கலங்க வைத்தது முதலாவது விஷயம். எனக்கு ஆறுதல் தருவது இரண்டாவது. நான் ஸ்காபரோவில் மருந்தாளராக இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வருகிறவர்கள், போதைப் பழக்கத்துக்கு மருந்தாகக் கொடுக்கும் மெதடோனைக் குடிக்க வருகிறவர்கள்தான். அதில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் ஆக்கள் இன்னும் இதை வேறு யாருடைய வீட்டிலோ நடக்கும் விஷயமாகவே நினைக்கிறார்கள். அதனால்தான் உங்களைப் போன்ற தாய்மார் இந்தப் பயத்தைச் சொல்ல ஆளில்லாமல் இரவு முழுவதும் வேலையிடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2016 ஜனவரி தொடக்கம் கனடாவில் ஓபியோயிட், அதாவது மோர்ஃபின் வகைப் போதைப்பொருளால் இறந்தவர்கள் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். 2024இல் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 20 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். இந்தச் சாவுகள் தெருவோரத்தில் நடக்கின்றன என்றுதான் சனம் நினைக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரண விசாரணை அதிகாரிகள் வருடக்கணக்காகச் சொல்லி வருவது வேறு: பத்தில் எட்டளவு கட்டடங்களுக்குள், பாதியளவு குடியிருக்கும் வீடுகளில் நடக்கின்றன. வீடு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, மேல் மாடியில் குடும்பமும் இருக்கிறது. அறைக்குள் மட்டும் அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை.

இந்த வகையில் இப்போது பரவியிருக்கும் ஃபென்டனில் கொல்வது மூச்சை நிறுத்தி. மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வலு கூடியது. வெளியில் விற்கப்படும் போலி 'பேர்கோசெட்' வலி மாத்திரைக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. மூளை மூச்சின் கட்டளையை மறந்துவிடும். ஆள் நித்திரை கொள்வது போலத்தான் கிடப்பார். ஒட்சிசன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனால் மூளை சேதப்படத் தொடங்கும். அந்த நாலைந்து நிமிடத்துக்குள் யாராவது கண்டு, மூச்சுக் கொடுத்து, ஓபியோயிட்டை முறிக்கும் நலோக்சோன் மருந்தை மூக்கில் அடித்தால் பெரும்பாலும் ஆள் எழும்பிவிடுவார். ஆகவே பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. நோர்ஸ் போன்ற சேவைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காக உண்டானவை.

நோர்ஸ் என்பது கனடா முழுவதற்குமான ஓவர்டோஸ் (போதை அளவு மீறி உயிர் ஆபத்தாவது) உதவிச் சேவை. 2020 டிசம்பரில் தொடங்கியது. கொரோனாக் காலம் அது. ஒன்றுகூடாதே, வீட்டுக்குள் இரு என்று அரசாங்கம் சொன்ன அதே மாதங்களில் தனியாகப் பாவித்து இறந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஹமில்டனில் ஏற்கெனவே இப்படி ஒரு போன் லைன் நடத்தி வந்த கிரென்ஃபெல் மினிஸ்ட்ரீஸ், வன்கூவரின் பிரேவ் கூட்டுறவு அமைப்பு, அல்பர்ட்டாவில் போதைப் பழக்க மருத்துவம் செய்யும் டொக்டர் மொன்ரி கோஷ் ஆகியோர் சேர்ந்து கட்டியெழுப்பியது. நம்பர் 1-888-688-6677. அங்கே போனை எடுத்துக் கதைப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் தாங்களே பாவித்தவர்கள், அல்லது பாவித்த பிள்ளையையோ சகோதரத்தையோ வைத்திருந்தவர்கள். உங்கள் மகன் அங்கே வெட்கப்பட வேண்டியதில்லை.

கூப்பிட்டால் சொந்தப் பெயர் சொல்லத் தேவையில்லை, ஏதாவது ஒரு பெயர் போதும். எங்கே இருக்கிறாய், என்ன பாவிக்கப் போகிறாய், கதவு பூட்டியிருக்கிறதா, நலோக்சோன் பக்கத்தில் இருக்கிறதா, வீட்டில் நாய் நிற்கிறதா, நீ பதில் சொல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கூப்பிட்டவர் தன் வேலையைப் பார்ப்பார், இவர்கள் லைனில் இருப்பார்கள். கூப்பிடுகிறவர்களில் சிலர் ஒன்றும் கதைக்க மாட்டார்கள். சிலர் தங்கள் கதை முழுவதையும் சொல்வார்கள். நோர்ஸ்காரர் இடைக்கிடை 'இருக்கிறீங்களா?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் வராவிட்டால் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் ஏற்கெனவே சொல்லி வைத்த ஆளுக்கோ, அந்த ஊர் ஆம்புலன்சுக்கோ தகவல் போகும்.

இதே நோக்கத்துக்குப் போன் செயலிகளும் வந்தன. அவை வேலை செய்யும் விதம் வேறு. 2020 மேயில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த லைஃப்கார்ட் செயலியில், பாவிக்க முன் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். 50 செக்கனில் அலாரம் அடிக்கத் தொடங்கும். நிறுத்தாவிட்டால் சத்தம் கூடும். 75 செக்கன் ஆகியும் நிறுத்தாவிட்டால் 911க்குத் தானாகவே அழைப்புப் போய்விடும். அல்பர்ட்டாவில் 2021இல் தொடங்கிய டோர்ஸ் செயலியில், நேரம் முடிந்தும் ஆள் பதில் சொல்லாவிட்டால் ஒரு அவசர நிலையத்திலிருந்து போன் எடுப்பார்கள், அதற்கும் பதில் இல்லையென்றால்தான் ஆம்புலன்ஸ். மனிதரோடு கதைக்க விருப்பமில்லாத பிள்ளைக்குச் செயலி நல்லது. ஆனால் இவற்றில் பல ஒரு மாகாணத்துக்கோ ஒரு பகுதிக்கோ மட்டும் உரியவை. போனில் இறங்கிவிட்டது என்பதற்காக ஸ்காபரோவில் அது ஆம்புலன்சைக் கூப்பிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எனக்கு மனிதக் குரலில்தான் நம்பிக்கை கூட. மூச்சின் சத்தம் மாறுவதை, சொல் குழறுவதை ஒரு ஆள் கேட்டுப் பிடிப்பார். அலாரம் அதைக் கேட்காது.

ஊக்கப்படுத்துவது இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி கேட்காத பெற்றோரை நான் கண்டதில்லை, கேட்பது நியாயமும்கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள் அக்கா. லைனில் ஆள் இருக்கிறார் என்பதற்காக ஒருவரும் ஃபென்டனில் பாவிக்கத் தொடங்குவதில்லை. பாவிக்கும் வெறி வந்தபிறகு, அதைத் தனியாகச் செய்வதா, ஆள் கேட்டுக்கொண்டிருக்கச் செய்வதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. வன்கூவரில் 2003இல் திறந்த இன்சைட் என்ற, ஆக்கள் கண்காணித்திருக்கப் போதைப்பொருள் பாவிக்கும் நிலையத்தில் முதல் 20 வருடத்தில் ஆயிரக்கணக்கான ஓவர்டோஸ் நடந்தன. அங்கே ஒருவரும் அதனால் சாகவில்லை. பக்கத்தில் ஆள் நின்றதுதான் காரணம். ஒன்ராறியோவில் பள்ளிக்கூடங்களுக்கும் பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருந்த இப்படியான நிலையங்களை 2025 மார்ச் 31க்குள் மூடச் சட்டம் வந்துவிட்டது. அது பிழையான முடிவு என்பது என் கருத்து. அவை திறந்திருந்த காலத்திலும் உங்கள் மகன் இரவு ஒரு மணிக்கு பேஸ்மன்டிலிருந்து வெளிக்கிட்டு டவுன்டவுனுக்குப் போயிருக்க மாட்டான். போன் அவன் கையிலேயே இருக்கிறது.

சரி, இனி நான் வற்புறுத்திச் சொல்ல வருவது. போனில் நம்பர் இருப்பதால் மட்டும் உயிர் தப்பாது. லைனில் இருக்கும் ஆள் வேறு மாகாணத்தில் இருக்கலாம், அவரால் உங்கள் வீட்டுப் படியில் இறங்கி வர முடியாது. அவர் கையில் இருப்பது உங்கள் மகன் சொன்ன முகவரி மட்டும்தான். பேஸ்மன்ட் வீட்டில் இது எப்படிப் பிழைத்துப் போகும் என்று பாருங்கள். முகவரியைச் சரியாகச் சொல்கிறான். ஆம்புலன்ஸ் வந்து முன்கதவில் மணி அடிக்கிறது. மேலே மகள் நல்ல நித்திரை. பேஸ்மன்டின் வாசல் பக்கவாட்டில், கராஜுக்குப் பின்னால், லைட் இல்லை, பனிக்காலமென்றால் வழியெல்லாம் சினோ. உள்ளே கதவு பூட்டு. இதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும்.

ஆகவே அவன் லைனில் சொல்ல வேண்டிய வசனத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து இப்போதே எழுதி வையுங்கள்: 'வீட்டு நம்பர் இது, இது பேஸ்மன்ட், வீட்டைப் பார்த்து நின்றால் இடது பக்கக் கதவால் வர வேண்டும்.' ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கலாம், போனிலும் போட்டு வைக்கலாம். பக்கக் கதவடியில் ஆள் நடந்தால் பற்றும் லைட் ஒன்று பூட்டுங்கள். அறைக் கதவை உள்ளே பூட்டக் கூடாது என்பதை அவனோடு கதைத்து ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். (அப்பார்ட்மென்டில் இருக்கிற வாசகர்கள் யூனிட் நம்பரையும் பஸர் நம்பரையும் சேர்த்துச் சொல்லப் பழக்க வேண்டும். பஸர் தெரியாமல் லொபியில் நிற்கும் ஆம்புலன்ஸ்காரரை நினைத்துப் பாருங்கள்.)

அப்புறம் சிக்னல். பேஸ்மன்டில் போன் லைன் அடிக்கடி விழும். வைஃபை மூலம் அழைப்புப் போகிற மாதிரி போனில் செட் பண்ணிக் கொடுங்கள். சார்ஜர் அவன் இருக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, ஒரு நாள் பகலில், அவன் தெளிவாக இருக்கும்போது, அந்த நம்பருக்கு அவனே கூப்பிட்டுப் பார்க்கட்டும். சும்மா விசாரிக்கவும் கூப்பிடலாம். எங்கள் வீட்டுக்கு ஆம்புலன்சை எப்படி அனுப்புவீர்கள், சொன்ன முகவரியை அழைப்பு முடிந்தபிறகு என்ன செய்வீர்கள், அம்மாவின் நம்பரை முதலில் கூப்பிடுவீர்களா என்று கேட்கட்டும். இந்தச் சேவைகள் அரசாங்கப் பணத்தையும் தொண்டர்களையும் நம்பி ஓடுபவை, பெயரும் நம்பரும் மாறக்கூடியவை. தேவைப்படும் இரவில் முதல் தடவையாகக் கூப்பிட்டுப் பார்க்கும் நிலைமை வரக் கூடாது. ஏதாவது காரணத்தால் எடுக்கவில்லை என்றால், போதைப் பழக்கச் சிகிச்சைகள் பற்றித் தகவல் சொல்லும் கனெக்ஸ் ஒன்ராறியோவுக்குக் கூப்பிடுங்கள், 1-866-531-2600. 24 மணி நேரமும் இயங்கும். இப்போது எந்தச் சேவை ஓடுகிறது என்று அங்கே விசாரிக்கலாம். தமிழில் கதைக்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் லைனில் இருப்பது என்பதும் முக்கியம். புகைத்தாலும் ஊசி போட்டாலும் ஆபத்து சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மாத்திரையாக விழுங்கினால் ஒரு மணி நேரம் கழித்தும் மூச்சு இறங்கலாம். 'நான் ஓகே' என்று பத்தாவது நிமிடத்தில் போனை வைத்துவிட்டுப் படுப்பதுதான் பயங்கரம். உங்கள் மகன் மாத்திரைப் பழக்கம் உள்ளவன் என்பதால் இதை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இனி மருந்தாளராக என்னைப் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மூன்று கிழமை சிகிச்சை நிலையத்தில் இருந்து வந்திருக்கிறான். மூன்று கிழமை பாவிக்காமல் இருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆனால் மனசுக்குத் தெரிந்தது பழைய அளவுதான். ஒரு பலவீனமான இரவில் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் உடம்பு நின்றுவிடும். சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியில் வந்த முதல் சில கிழமைகள்தான் ஓவர்டோஸில் ஆக ஆபத்தான காலம். நீங்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட காலம் அதுவாகத்தான் இருந்திருக்கும். உங்கள் பிழை இல்லை, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே சபொக்சோன் அல்லது மெதடோன் தொடங்கினார்களா? இப்போதும் எடுக்கிறானா? 'இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் வந்தேன்' என்று பெருமையோடு சொன்னால் எனக்குக் கவலைதான் கூடும். எங்கள் ஆக்களுக்கு இந்த மருந்துகள் மேல் ஒரு ஒவ்வாமை இருக்கிறது, ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று கேட்பார்கள். இவை போதைக்காகக் கொடுப்பதில்லை. உடம்பு நடுங்காமல், வாந்தி எடுக்காமல், வேலைக்குப் போய் வரும் அளவுக்கு மூளையை நிலையாக வைத்திருக்கும். சபொக்சோனில் உள்ள புப்ரெனோர்ஃபின் மூச்சை ஒரு எல்லைக்குக் கீழே எளிதில் இறக்காது. மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் வருகிறது, நாளாந்தம் மாத்திரை எடுக்க மறக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. இந்த மருந்துகளில் இருக்கிறவர்கள் ஓவர்டோஸில் இறப்பது நன்றாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியாகக் கண்ட விஷயம். ஒன்ராறியோவின் பல மருத்துவமனைகளில், போதைப் பழக்கத்துக்கு உடனே மருத்துவம் பார்க்கும் ராம் கிளினிக் என்று இருக்கிறது. குடும்ப டொக்டரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். எது உங்கள் வீட்டுக்குக் கிட்ட, எந்த நாள் திறக்கும் என்பதையும் அதே கனெக்ஸ் நம்பரில் கேட்கலாம். ஆனால் மருந்தைத் தொடங்கிவிட்டான் என்பதற்காக நோர்ஸ் நம்பரை அழிக்க வேண்டியதில்லை. முதல் மாதங்களில் வழுக்கி விழுவது சாதாரணம்.

நலோக்சோன் கிட் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றுதான் நினைக்கிறேன். ஒன்ராறியோவில் 2016 முதல் மருந்தகங்களில் இலவசம். ஹெல்த் கார்ட் காட்டத் தேவையில்லை, யாருக்காக என்று சொல்லவும் தேவையில்லை. எங்கள் கவுன்டரில் தமிழ்ப் பெற்றோர் மற்றத் தமிழ் ஆக்கள் போகும்வரை இருமல் மருந்துத் தட்டடியில் நின்றுவிட்டு வந்து, மெதுவான குரலில் கேட்பார்கள். அது எனக்கு விளங்கும். ஆனால் போனிலேயே கேட்டு, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டும் வரலாம். மூக்கில் அடிக்கும் கிட்டைக் கேளுங்கள். திறந்தால் உள்ளே இரண்டு ஸ்பிரே, கையுறை, மூச்சுக் கொடுக்கும்போது வாயில் வைக்கும் ஒரு மெல்லிய தடுப்பு இருக்கும். ஒரு ஸ்பிரேயில் ஒரே ஒரு தடவைக்கான மருந்துதான். வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்த்தால் அது போச்சு. காரில் வைக்காதீர்கள், குளிரில் உறைந்துவிடும். ஒரு கிட் பேஸ்மன்டில், ஒன்று மேலே.

ஆள் எழும்பவில்லை, உதடு நீலம் அல்லது சாம்பல் பூத்திருக்கிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது அல்லது தொண்டையில் கொறகொறவென்று சத்தம் என்றால் அது ஓவர்டோஸ். அந்தக் கொறட்டையை நல்ல நித்திரை என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. தோளைப் பிடித்து உலுப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 911ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். ஒரு ஸ்பிரேயை ஒரு மூக்கில் முழுவதும் அடியுங்கள். தலையைப் பின்னால் சரித்து, மூக்கைப் பொத்தி, ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை வாயால் மூச்சுக் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் இரண்டாவதை மற்ற மூக்கில். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் படுக்க வைத்து, விட்டுப் போகாமல் இருங்கள்.

இதில் புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ரொறன்ரோவில் விற்கப்படும் ஃபென்டனிலில் இப்போது மெடடோமிடின் என்ற, மிருக வைத்தியத்தில் மயக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தும் கலந்து வருகிறது. நித்திரை மருந்து வகைகளும் சேர்ந்திருக்கும். நலோக்சோன் இவற்றை முறிக்காது. ஆகவே மூச்சு ஒழுங்காகத் திரும்பியும் ஆள் கண் முழிக்காமல் கிடக்கலாம். பயந்து ஸ்பிரே மேல் ஸ்பிரே அடிக்க வேண்டாம். மூச்சைக் கவனியுங்கள், அது வருகிறதென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கலாம். எழும்பிவிட்டான் என்று ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உடம்பில் ஃபென்டனில் மிச்சமிருந்தால் திரும்பவும் மூச்சு நிற்கும்.

பொலிஸ் பற்றி: ஓவர்டோஸ் அழைப்புக்குச் சில வேளை பொலிசும் வரும், மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் 2017 மே மாதம் முதல் கனடாவில் குட் சமாரிட்டன் சட்டம் இருக்கிறது. ஓவர்டோஸ் என்று 911ஐக் கூப்பிடுகிறவர் மேலும், விழுந்து கிடப்பவர் மேலும், அங்கே நிற்கும் மற்றவர்கள் மேலும், சொந்தப் பாவனைக்கு போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டுப் பதிய முடியாது. விற்பனைக் குற்றத்துக்கும், வேறு குற்றத்துக்காக ஏற்கெனவே இருக்கும் பிடியாணைக்கும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. உங்கள் மகன் விஷயத்தில் இரண்டும் இல்லையென்றால் தயங்கக் காரணமே இல்லை. இதை அவனுக்கும் சொல்லுங்கள். 'பொலிஸ் வரும், கூப்பிடாதே' என்று கூட்டாளிமார் ஒருவரையொருவர் தடுத்ததால் போன உயிர்கள் இருக்கின்றன.

அவனிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பீர்கள். ஏச்சும் அழுகையும் சத்தியம் வாங்குவதும் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'தம்பி, உன்ர போன்ல அந்த நம்பர் கிடக்கிறதைக் கண்டனான். ஏச வரேல்ல. நீ அதைப் போட்டு வைச்சிருக்கிறது எனக்கு ஆறுதலாத்தான் இருக்கு. ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். எப்பவாவது மனசு தாங்காமல் பாவிக்கிறதெண்டால் அவைக்கு எடுக்காமல் தனிய பாவிக்காதை. நான் வேலையில நிண்டாலும் என்ர நம்பரையும் அவையிட்டக் குடு.' அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகலாம். போகட்டும். இரண்டு நாள் கழித்து அந்தப் பகல் அழைப்பைப் பற்றி மெதுவாகக் கேளுங்கள். உங்கள் கணவருக்கும் இதை மறைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் மூன்று நாளில் இரவு கீழே போய்க் கதவைத் தட்டிப் பார்க்க அவரால்தான் முடியும். சொந்தக்காரர் ஒருவருக்கும் இப்போது சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கடைசியாக மகள். சொல்ல வேண்டும் அக்கா. உங்கள் வீட்டில் 16 வயதுப் பிள்ளைக்கு அண்ணன் எப்படி இருக்கிறான் என்று உங்களைவிடக் கூடத் தெரிந்திருக்கும். தெரிந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு இப்போதுள்ள பாரம். ஆனால் அவளைக் காவலாளி ஆக்காதீர்கள். இரவில் எழும்பிப் போய் அண்ணன் மூச்சு விடுகிறானா என்று பார்க்கும் பொறுப்பு அவளுக்கு இல்லை, அதை வாய்திறந்து சொல்லிவிடுங்கள். ஏதாவது நடந்தால் அது அவள் பிழை ஆகாது என்பதையும் சொல்லுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: கிட் எங்கே இருக்கிறது, அதை எப்படி அடிப்பது, 911க்கு எந்தக் கதவைச் சொல்வது. நோர்ஸில் கூப்பிட வேண்டிய ஆளாக அவளுடைய நம்பரைக் கொடுக்க வேண்டாம். உங்கள் நம்பரும், வீட்டுத் திறப்பு வைத்திருக்கும் நம்பிக்கையான அயலவர் ஒருவரின் நம்பரும் போதும், அப்படி ஒருவர் இருந்தால். இல்லையென்றால் நேரே ஆம்புலன்ஸ் என்று சொல்லி வையுங்கள்.

கிட் எடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான மருந்தகங்களில் பழகிப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஸ்பிரே ஒன்று இருக்கும், கேட்டால் கையில் தந்து காட்டுவார்கள். பத்து நிமிட வேலை. பின்னேரம் ஆக்கள் கூடும், மத்தியானத்துக்கு முன் போனால் ஆறுதலாகக் கேட்டுப் படிக்கலாம்.